லில்லியின் முதுகெலும்பு: யாரும் அடிக்காமலே எலும்பில் விரிசல் விழுவது எப்படி?

2025 கோடையில் இங்கிலாந்து போன இந்திய அணியில், முதுகுக் காயத்திலிருந்து மீண்டுவந்த வேகப்பந்து வீச்சாளர் ஜஸ்பிரீத் பும்ரா ஐந்து டெஸ்டில் மூன்றில்தான் ஆடுவார் என்று தொடர் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்கள். சொன்னபடியே லீட்ஸ், லார்ட்ஸ், மான்செஸ்டர் மூன்றோடு அவர் நிறுத்திக்கொண்டார். அந்தச் சமயத்தில் வாசகர் ஒருவர் கேட்டு எழுதினார்: "ஆள் நன்றாக ஓடுகிறார், யார்க்கர் போடுகிறார். கீழே விழவில்லை, யாரும் அடிக்கவில்லை. முதுகெலும்பில் தானாக எப்படி விரிசல் விழும்? கபில்தேவ் 131 டெஸ்ட் ஆடினாரே, அவருக்கு மட்டும் இரும்பு எலும்பா?"

நியாயமான கேள்வி. 'வேலைப்பளு' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம், தொலைக்காட்சியில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எலும்புக்குள் மாதக்கணக்கில் நடக்கும் ஒரு வேலை இருக்கிறது. உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதிகளில் அதுவும் ஒன்று. அதை விளக்க ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியை விடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரிந்து இல்லை.

லில்லி 1949-ல் பெர்த் நகரின் சுபியாகோவில் பிறந்தவர். 1971 ஜனவரியில் அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸிலேயே 84 ரன்னுக்கு 5 விக்கெட். அதே ஆண்டு டிசம்பரில் பெர்த்தில், சோபர்ஸும் காவஸ்கரும் இருந்த உலக அணியை 59 ரன்னில் சுருட்டியபோது லில்லியின் கணக்கு 29 ரன்னுக்கு 8. 1972-ல் இங்கிலாந்து மண்ணில் ஐந்து டெஸ்டில் 31 விக்கெட். நீண்ட ஓட்டம், கடைசிக் காலடியில் உடம்பையே விட்டெறிவது போன்ற வீச்சு. அதுதான் அவர் வேகம், அதுவே அவர் வினையும் ஆனது. 1973 தொடக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளில் முதல் டெஸ்டோடு அவருடைய சுற்றுப்பயணம் முடிந்தது. கீழ் முதுகின் எலும்புகளில் அழுத்த முறிவு, அதாவது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். வயது 23. இனி வேகமாகப் பந்து வீசவே முடியாது என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள்.

முதலில் அந்தக் கடைசிக் காலடியைப் பார்ப்போம். நியூட்டனின் மூன்றாம் விதி எல்லோரும் படித்ததுதான், அதனால் விரைவாகக் கடந்துவிடுகிறேன். வேகப்பந்து வீச்சாளர் கிரீஸை நெருங்கும்போது மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவருகிறார். வலக்கைக்காரர் என்றால், பந்தை விடுவதற்குச் சற்று முன் இடது பாதம் தரையில் அறைகிறது. அந்தக் கணத்தில் தரை திருப்பி உதைக்கும் விசை அவர் உடல் எடையைப் போல் ஐந்து மடங்கு முதல் எட்டு மடங்கு வரை போகும். 80 கிலோ ஆள் என்றால் குறைந்தது 400 கிலோ. முழங்காலை மடக்காமல் விறைப்பாக ஊன்றுகிறவருக்கு வேகம் கூடும், ஓடிவந்த வேகம் மேலுடம்புக்கும் கைக்கும் மாறிவிடுவதால். ஆனால் அப்படி ஊன்றும்போது அடியை வாங்கித் தணிக்க முழங்காலும் இல்லை. விசை இடுப்புக்கு ஏறுகிறது.

அந்த நேரத்தில் இடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். மெதுவாக ஓடும் காணொலியில் எந்த வலக்கை வேகப்பந்து வீச்சாளரையும் நிறுத்திப் பாருங்கள். முதுகு பின்னால் வளைந்திருக்கும், உடம்பு இடப்பக்கம் சாய்ந்திருக்கும், தோள் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கும். இந்த மூன்று அசைவும் ஒரே நேரத்தில் போய் முடியும் இடம், கீழ் முதுகின் இடப்பக்கப் பின்மூலை.

இடுப்புப் பகுதியில் நமக்கு ஐந்து முள்ளெலும்புகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் உருண்டையான கட்டை, எடை தாங்குவது அது. பின்னால் நரம்புகளைச் சுற்றி ஒரு வளையம். வளையத்தின் இரு பக்கமும் மேலும் கீழுமாக மூட்டுகள், மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் பூட்டிக்கொள்வதற்கு. மேல் மூட்டுக்கும் கீழ் மூட்டுக்கும் நடுவில் ஒரு குறுகலான எலும்புப் பாலம் இருக்கிறது. மருத்துவர்கள் பார்ஸ் என்கிறார்கள். முதுகைப் பின்னால் வளைத்து இடப்பக்கம் சாய்த்தால், மேல் எலும்பின் மூட்டு கீழ் எலும்பின் இடது பார்ஸை நெருக்குகிறது. விரிசல் விழுவது பெரும்பாலும் இங்கேதான், நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளில், பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில். கண்டம் விட்டுக் கண்டம் போனாலும் வேகப்பந்து வீச்சாளர்களின் முறிவு இதே மூலையில் வருகிறது என்பதே, காரணம் அந்த அசைவில் இருக்கிறது என்று காட்டிவிடுகிறது.

சரி, ஒரு பந்தில் அது உடைந்துவிடுவதில்லை. ஆயிரம் பந்தில்கூட உடைய வேண்டியதில்லை. நான் சொல்ல வந்த வேலை இங்கேதான் தொடங்குகிறது.

எலும்பு என்றதும் பள்ளி ஆய்வகத்து எலும்புக்கூடு நம் நினைவுக்கு வந்துவிடுகிறது, காய்ந்து வெளுத்த ஒரு பொருள். உடம்புக்குள் இருக்கும் எலும்பு நனைந்தது, ரத்தம் ஓடுவது, செல்கள் குடியிருப்பது. அதன் கெட்டிப் பகுதிக்குள் எண்ணற்ற நுண்குழிகள், குழிக்கு ஒன்றாக ஆஸ்டியோசைட் என்ற செல். ஒவ்வொரு செல்லும் தலைமுடியைவிட மிக மெல்லிய கால்வாய்களுக்குள் கைகளை நீட்டிப் பக்கத்துச் செல்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். கால்வாய்களில் திரவம் நிறைந்திருக்கும். எலும்பு துளியளவு வளைந்தாலும் அந்தத் திரவம் நகரும், நகர்ந்தால் செல் உணரும். எங்கே பாரம் அதிகம் விழுகிறது என்ற கணக்கு எலும்புக்கு இப்படித்தான் கிடைக்கிறது.

பாதம் அறைந்த ஒரு நாளில் பார்ஸில் மிக நுண்ணிய விரிசல்கள் விழலாம். எக்ஸ்ரேயில் தெரியாது, வீச்சாளருக்கும் தெரியாது. ஆனால் விரிசல் போகும் பாதையில் ஆஸ்டியோசைட்டின் கைகள் அறுபடுகின்றன, சில செல்கள் சாகின்றன. சாவை உணர்ந்த சுற்றுச் செல்கள் வேதிச் சைகை அனுப்புகின்றன. அதைக் கேட்டு வருபவை ஆஸ்டியோகிளாஸ்ட்கள். ரத்தத்தில் திரியும் ஒருவகை வெள்ளணுக்களின் குடும்பத்தைச் சேர்ந்த செல்கள் பல ஒன்றாகக் கலந்து, பல உட்கருக்களோடு உருவாகும் பெரிய செல் இது. எலும்பின் மேல் அப்பிக்கொள்ளும், விளிம்பைக் கசியாமல் ஒட்டிக்கொள்ளும், அந்த மூடிய அறைக்குள் அமிலத்தைச் சுரக்கும். நம் வயிற்றில் சுரக்கும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். கால்சியம் கரைகிறது. மிச்சமிருக்கும் கொலாஜன் நாரை நொதிகள் வெட்டுகின்றன. இப்படிக் கூட்டமாகச் சேர்ந்து எலும்புக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டே போகின்றன. சுரங்கத்தின் அகலம் கால் மில்லிமீட்டர் அளவு, ஒரு நாளைக்கு முன்னேறுவது மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு.

தோண்டிய பிறகு அதே வழியில் ஆஸ்டியோபிளாஸ்ட்கள் வருகின்றன, சுரங்கச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து புது எலும்பைப் பூசத் தொடங்குகின்றன. வெளிச்சுவரிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காகப் பூசி, நடுவில் ரத்தக்குழாய்க்கு மட்டும் ஒரு துளையை விட்டு நிறுத்திக்கொள்கின்றன. பூசும்போது சில செல்கள் தாம் பூசியதற்குள்ளேயே புதைந்துவிடும். புதைந்தவை வீணாவதில்லை, அவையே அந்த இடத்தின் புதிய ஆஸ்டியோசைட்களாகிக் காவல் இருக்கின்றன. எலும்பைக் குறுக்காக அரிந்து நுண்ணோக்கியில் பார்த்தால் மரத்தின் வளையம் போல அடுக்கடுக்கான வட்டங்கள் தெரியும். ஒவ்வொரு வட்டமும் ஒரு காலத்தில் நடந்து முடிந்த பழுதுபார்ப்பு. முதன்முதலாக அந்தப் படத்தின் பொருள் எனக்குப் புரிந்த அன்று, நம் உடம்பு இத்தனை வேலையைச் சத்தமில்லாமல் பார்க்கிறதே என்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, எல்லாச் சங்கடமும் அதிலிருந்துதான் பிறக்கிறது. தோண்டுவது சட்டென்று முடிந்துவிடும், மூன்று வாரம் போதும். நிரப்புவதற்கு மூன்று நான்கு மாதம் ஆகும். நிரப்பிய பிறகும் புது எலும்பு முழுக் கெட்டியாவதற்கு மேலும் பல மாதங்கள். ஆக, விரிசலைச் சரிசெய்யக் கிளம்பிய எலும்பு, நடுவில் சில வாரங்கள் முன்னைவிடப் பலவீனமாக இருக்கிறது. பாரம் தாங்கும் தூணில் விரிந்த செங்கலை எடுத்துவிட்டுப் புதுச் செங்கல் வைக்கும் கொத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள். பூசிய கலவை இறுகும்வரை அந்தத் தூணுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்பாரத்தையாவது குறைக்க வேண்டும். முட்டும் கொடுக்காமல், மாடியில் இன்னும் நாலு மூட்டை ஏற்றினால்? மிச்சமிருக்கும் எலும்பில் புது விரிசல்கள். அவற்றைச் சரிசெய்யப் புதுச் சுரங்கங்கள். சுரங்கங்கள் பெருகப் பெருக எலும்பு சல்லடையாகிறது. ஒருநாள் துளைகளும் விரிசல்களும் ஒன்றோடொன்று சேர்ந்து பார்ஸ் குறுக்கே பிளக்கிறது. அந்த நாளில் வீசிய பந்தில் தனியாக ஒரு கோளாறும் இருந்திருக்காது.

வாசகரின் கேள்விக்கு விடை இதுதான். யாரும் அடிக்கத் தேவையில்லை. எலும்பு தன்னைச் செப்பனிடும் வேகத்தை, ஓவர்கள் சேரும் வேகம் முந்திவிட்டால் போதும்.

இது தெரிந்தால் பல விஷயங்கள் தாமாக விளங்கும். ஆஸ்திரேலியாவின் விளையாட்டு மருத்துவர் ஜான் ஆர்ச்சர்டும் குழுவும் முதல்தர ஆட்டங்களை வைத்துச் செய்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. ஒரே ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசிய வேகப்பந்து வீச்சாளர்களுக்கு, அடுத்த 21 நாட்களில் காயம்படும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு. எல்லா வகைக் காயமும் சேர்ந்த கணக்கு இது. என் கண்ணை நிறுத்தியது அந்த 21 நாள். களைப்பு என்றால் மறுநாளே தெரிந்திருக்கும், இது மூன்று வாரம் வரை தள்ளி வருகிறது. எலும்பைப் பொறுத்தவரை, சுரங்கம் தோண்டி முடித்து நிரப்பும் வேலை சூடுபிடிக்காத காலம் அது. தசைநாண்களுக்கும் இதேபோல் தாமதக் கணக்கு உண்டு. 'போன மாதம் அத்தனை ஓவர் போட்டும் ஒன்றும் ஆகவில்லையே' என்பது ஆறுதலே கிடையாது என்று அந்த எண் சொல்கிறது.

எம்.ஆர்.ஐ. எதற்கு என்பதும் இதில் விளங்கும். எக்ஸ்ரேயில் பிளவு தெரிய வேண்டுமானால் எலும்பு பிளந்திருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் அதற்கு முன்பே, எலும்புக்குள் நீர் கோத்திருப்பது வெளிச்சமாகத் தெரியும். 'ஸ்ட்ரெஸ் ரியாக்ஷன்' என்று செய்திகளில் வருவது அந்தக் கட்டம். அப்போதே நிறுத்தினால் சில வாரங்களோ சில மாதங்களோ போகும். நிறுத்தாவிட்டால் ஒரு வருடம் போகும், சில நேரம் ஆட்டமே போகும்.

லில்லியின் காலத்தில் எம்.ஆர்.ஐ. இல்லை. அவருக்குக் கிடைத்தது மாவுக்கட்டு. உடம்பைச் சுற்றி ஆறு வாரம் பிளாஸ்டர். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும், ஆனால் முதுகு பின்னால் வளைவதையும் பக்கம் சாய்வதையும் அது தடுத்தது. தூணுக்கு முட்டுக் கொடுத்தார்கள். அதன்பின் பெர்த்தில் உடற்கல்வி அறிஞர் ஃபிராங்க் பைக் வகுத்துக் கொடுத்த பயிற்சித் திட்டத்தில் லில்லி மாதக்கணக்கில் உடம்பைக் கட்டினார், ஓட்டத்தையும் வீச்சையும் மாற்றியமைத்தார். 1973-74 பருவத்தில் கிளப் கிரிக்கெட்டில் பேட்ஸ்மேனாக ஆடினார். ஆஸ்திரேலியாவுக்காக அவர் மறுபடி டெஸ்ட் பந்தை எடுத்தது 1974 நவம்பர் இறுதியில், பிரிஸ்பேனில். இருபது மாதத்துக்கு மேல். மேலே சொன்ன நிரப்பும் காலத்தையும் கெட்டியாகும் காலத்தையும் கூட்டிப் பாருங்கள், எலும்பு கேட்ட அவகாசத்தை அவர் முழுதாகக் கொடுத்திருக்கிறார். அந்தத் தொடரில் ஜெஃப் தாம்சனுக்கு 33 விக்கெட், லில்லிக்கு 25. 1981 என்ற ஒரே ஆண்டில், 30 வயதைத் தாண்டிய பிறகு, 85 டெஸ்ட் விக்கெட். 1984 ஜனவரியில் சிட்னியில் விடைபெற்றபோது 70 டெஸ்டில் 355, அப்போதைய உலகச் சாதனை. அதில் பெரும்பகுதி 'முடிந்துபோன' முதுகை வைத்துக்கொண்டு எடுத்தவை.

அவர் ஊரான பெர்த்தில், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில்தான் இந்தத் துறையின் அடிப்படை ஆய்வுகள் பல நடந்தன. சராசரியாக 17 வயதை நெருங்கிய 82 இளம் வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு பருவம் முழுக்கத் தொடர்ந்து பார்த்து, டேரில் ஃபாஸ்டர், புரூஸ் எலியட் குழு 1989-ல் முடிவை வெளியிட்டது. அவர்களில் 11 சதவீதம் பேருக்கு அந்த ஒரே பருவத்தில் முதுகெலும்பில் அழுத்த முறிவு. இடுப்பு மட்டையாளரைப் பார்த்திருக்க, தோள் மட்டும் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும் கலப்பு வீச்சு ஆபத்தானது என்று எச்சரித்ததும் இந்தக் குழுவினர்தான். பக்கச் சாய்வுக்கும் பங்கு அதிகம் என்கின்றன அண்மை ஆய்வுகள்.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வுகள் இன்னொரு அழகான விஷயத்தைக் கண்டன. நன்கு தேறிய வேகப்பந்து வீச்சாளர்களின் கீழ் முள்ளெலும்புகளில், பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கம் மட்டும் எலும்பின் அடர்த்தி தெளிவாகக் கூடியிருக்கிறது. அடி விழும் மூலையை எலும்பு தேடிப்போய்க் கெட்டிப்படுத்தியிருக்கிறது! அவகாசம் கொடுத்தால் அதே அடியே மருந்தாகிவிடுகிறது. ஆனால் அந்த அடர்த்தி சேர வருடங்கள் ஆகும், கீழ் முதுகின் எலும்பு முழு முதிர்ச்சிக்கு வருவதே இருபதுகளின் நடுவில்தான். பதினாறு பதினேழு வயதில் உயரமும் தசையும் வேகமும் வந்துவிடும், எலும்பு பின்தங்கியிருக்கும். பையன் 135 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறான் என்பதால் அவன் பார்ஸும் அந்த வேகத்துக்குத் தயார் என்று ஆகாது.

கபில்தேவின் பெயர் இந்த இடத்தில் வர வேண்டும். காயத்துக்காக ஒரு டெஸ்டைக்கூட விடாத மனிதர் அவர், பக்கவாட்டில் திரும்பி வீசும் ஒழுங்கான வீச்சு, இயற்கையே கொடுத்த உடம்பு. அந்த மதிப்பு எனக்கும் உண்டு. ஆனால் அவர் வயதில் அவரைப்போலவே வேகமாக வீசி, 18 வயதில் முதுகு பிடித்துக்கொண்டு வீட்டோடு நின்றுபோன பையன்களின் பெயர் நம்மிடம் இல்லை. தாக்குப்பிடித்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, 'அந்தக் காலத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்லக் கூடாது.

சென்னைக்கும் இந்தக் கதைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1987-ல் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சிப் பள்ளி இங்கே தொடங்கியபோது அதை வழிநடத்த வந்தவர் லில்லிதான். 2012 வரை, கால் நூற்றாண்டு, இங்கே வந்துபோய்க்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பொறுப்பு இன்னொரு ஆஸ்திரேலியரான கிளென் மெக்ராத்திடம் போனது. ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் எல்லாரும் அங்கே பயின்றவர்கள். வேகப்பந்து வீச ஆசைப்பட்டு வந்த சிறுவன் டெண்டுல்கரை மட்டையைக் கவனி என்று திருப்பியனுப்பிய கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: வேகப்பந்து என்றால் முரட்டு பலம் என்று இருந்த நாட்டில், ஓடுவதும் தாவுவதும் ஊன்றுவதும் கற்றுக்கொடுக்க வேண்டியவை என்ற எண்ணத்தைத் தன் முதுகை உடைத்துக்கொண்டு கற்ற ஒருவர் கொண்டுவந்தார்.

அந்த எண்ணம் மாவட்ட மைதானங்கள் வரை இறங்கவில்லை என்பதில் எனக்குக் கோபமே உண்டு. சனிக்கிழமை காலை பள்ளி அணிக்கு ஆட்டம், மாலை அகாடமி நெட்ஸ், ஞாயிறு டென்னிஸ் பந்து டோர்னமென்ட் என்று ஓடும் பையன்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மூன்று இடத்துப் பந்தையும் கூட்டி ஒரே நோட்டில் எழுதுபவர் யாருமில்லை, எலும்பு மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் 15 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு ஸ்பெல்லுக்கு, அதாவது இடைவிடாமல் வீசும் ஒரு சுற்றுக்கு, 6 ஓவர், நாளுக்கு 12 ஓவர் என்ற வரம்பு நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. நம் ஊரிலோ, வலிக்கிறது என்று பையன் சொன்னால் 'வாய்வுப் பிடிப்பு' என்று பூண்டு கொடுக்கிறார்கள். சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப்போகிறார்கள். கால்வழியாகப் பிறந்தவர் முதுகில் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று நம்பி மிதிக்கவும் விடுகிறார்கள். தசைப்பிடிப்பு என்றால் இரண்டு நாளில் தானே சரியாகிவிடும், மிதித்தவருக்கு அந்தப் பெயர் போய்ச் சேரும். சுரங்கம் தோண்டிய நிலையில் இருக்கும் பார்ஸ் மீது மிதிப்பது ஆபத்து. திருஷ்டி கழித்துவிட்டு மறுநாளே பந்தைக் கையில் கொடுப்பதும் அதே அளவு ஆபத்து. வளரும் வேகப்பந்து வீச்சாளருக்குக் கீழ் முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலித்தால், பின்னால் வளையும்போது அது கூடினால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அதை எலும்பு வலியாகவே எண்ணிப் பந்தை வாங்கி வைத்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. அதில் ஒரு துளியை ஒதுக்கினால், மாவட்ட அளவில் 16 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்கள் சில நூறு பேரைப் பத்தாண்டு தொடர்ந்து பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு எம்.ஆர்.ஐ., வீசிய பந்துகளின் கணக்கு, ரத்தத்தில் வைட்டமின் டி அளவு. வெயில் கொளுத்தும் நாட்டிலேயே வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கும் நம் பிள்ளைகளின் எலும்பு, பெர்த் பையன்களின் எலும்பைப் போலவே நடந்துகொள்ளுமா என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெர்த்தில் 82 பேரை வைத்து அவர்கள் தொடங்கியதை இங்கே தொடங்கப் பணம் ஒரு தடையே இல்லை.

பொறுத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு லில்லிக்குப் பின் வந்த ஒருவரைச் சொல்கிறேன். பேட் கம்மின்ஸ் 2011-ல் ஜோகன்னஸ்பர்கில் 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடி, ஒரே இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்து, ஆட்டநாயகனும் ஆனார். அதன்பின் முதுகில் அடுத்தடுத்து முறிவு. இடையில் லில்லியிடம் போய்த் தன் வீச்சைத் திருத்திக்கொண்டார். ஆஸ்திரேலியா அவசரப்படவில்லை. அவருடைய இரண்டாவது டெஸ்ட் வந்தது 2017 மார்ச்சில், ராஞ்சியில், 23 வயதில். சோர்ந்துகிடந்த ஆடுகளத்தில் இந்தியாவின் ஒரே இன்னிங்ஸில் 39 ஓவர் வீசி 4 விக்கெட் எடுத்தார். ஐந்து நாள் கழித்துத் தர்மசாலாவில் தொடங்கிய அடுத்த டெஸ்டிலும் புதுப் பந்தோடு ஓடிவந்தவர்களில் அவரும் ஒருவர்.